கூகுள் அப்டேட்டுக்குப் பிறகு டிராஃபிக் விழுந்துவிட்டதா? கொங்கு வட்டாரத் தொழில் தளங்களுக்கான கேள்வி–பதில்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், பொள்ளாச்சி பக்கம் சொந்தத் தொழிலுக்கு வெப்சைட் வைத்திருப்பவர்களுக்கான பக்கம் இது. கூகுள் தன் தேடல் முறையை மாற்றிய பிறகு வருகை விழுந்தால் எதைப் பார்ப்பது, எதைச் செய்வது, எதைத் தொடாமல் விடுவது என்பதுதான் பொருள். விளக்கத்துக்காகக் கோவையில் கிரைண்டர் உதிரிபாகம் விற்கும் ஒரு கடையைக் கற்பனையாக வைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் கடையைப் பற்றி வரும் எண்கள் கணக்குப் புரிவதற்காக மட்டும்.

ஏனுங்க, போன வாரம் வரைக்கும் நல்லா வந்துட்டிருந்த டிராஃபிக் பாதியாயிருச்சு. இது கூகுள் அப்டேட்தானுங்களா?

இருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்குக் கடைசியாகத்தான் வர வேண்டும்.

முதலில் எண்ணும் கருவி சரியாக இருக்கிறதா பாருங்கள். தீம் (தளத்தின் தோற்றம்) மாற்றும்போது, வருகையை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸ் கோடு காணாமல் போவது வாடிக்கை. அனலிட்டிக்ஸில் வருகை விழுந்து, சர்ச் கன்சோலில் (தேடலில் உங்கள் தளம் எப்படி நிற்கிறது என்று காட்டும் கூகுளின் கருவி) கிளிக் அப்படியே இருந்தால் உங்கள் தளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, மீட்டர்தான் நின்றிருக்கிறது. அடுத்து சர்ச் கன்சோலின் இடப்பக்கப் பட்டியலில் கடைசிப் பக்கமாக இருக்கும் மேனுவல் ஆக்‌ஷன்ஸ், செக்யூரிட்டி இஷ்யூஸ் (விதிமீறல், பாதுகாப்புக் கோளாறு அறிவிப்புகள்) இரண்டையும் திறந்து பாருங்கள். அங்கே ஏதாவது எழுதியிருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு அதை முதலில் சரிசெய்யுங்கள்.

பிறகு வரைபடத்தின் வடிவம். ஒரே நாளில் செங்குத்தாக விழுந்து கிட்டத்தட்டப் பூஜ்யத்தில் கிடந்தால் பெரும்பாலும் தொழில்நுட்பக் கோளாறு. அப்டேட்டில் விழுவது வேறு மாதிரி: சில நாள் இறங்கும், ஏறும், மறுபடி இறங்கும், ஒரு புது மட்டத்தில் போய் நிற்கும். அந்தத் தேதிகள் கூகுளின் சர்ச் ஸ்டேட்டஸ் டாஷ்போர்டில் உள்ள அப்டேட் தேதிகளோடு பொருந்தினால் மட்டும் அப்டேட் என்று சொல்லுங்கள்.

தொழில்நுட்பக் கோளாறுன்னா எதையெல்லாம் பார்க்கணும்?

வேர்ட்பிரஸ் தளம் என்றால் செட்டிங்ஸ், ரீடிங் பகுதிக்குப் போய், தேடுபொறிகள் வர வேண்டாம் என்று சொல்லும் கட்டத்தில் டிக் விழுந்திருக்கிறதா பாருங்கள். சோதனைத் தளத்தில் வேலை முடித்து அப்படியே ஏற்றும்போது அந்த டிக்கும் சேர்ந்து வந்துவிடும். ரோபாட்ஸ் கோப்பில் (தேடுபொறிகள் எங்கே வரலாம் என்று சொல்லும் கோப்பு) முழுத்தளத்தையும் மறிக்கும் வரி இருக்கிறதா, டொமைன் புதுப்பிக்கப்பட்டதா, எஸ்.எஸ்.எல். (தளத்தின் பாதுகாப்புச் சான்று) காலாவதியாகிவிட்டதா என்பதும் ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று, நம்ம பக்கம் அதிகம் நடப்பது. காண்டாக்ட் படிவத்தில் வெளிநாட்டு ஸ்பேம் கொட்டுகிறது என்று ஃபயர்வாலில் (தளத்தின் காவல் அமைப்பில்) இந்தியாவைத் தவிர மற்ற நாடுகளை அடைத்துவிடுவார்கள். தளங்களைப் படித்துச் செல்லும் கூகுளின் மென்பொருளான கூகுள்பாட் பெரும்பாலும் அமெரிக்க ஐ.பி. முகவரிகளிலிருந்துதான் வருகிறது. ஸ்பேமோடு சேர்த்து கூகுளுக்கும் கதவைச் சாத்தியாகிவிட்டது. கோவையிலிருந்து திறந்தால் தளம் நன்றாகவே தெரியும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. சர்ச் கன்சோலில் செட்டிங்ஸ் உள்ளே கிரால் ஸ்டாட்ஸ் அறிக்கை இருக்கிறது. அதில் கூகுள் கடந்த 90 நாளில் எத்தனை முறை வந்தது, எத்தனை முறை பிழை வாங்கியது என்று தெரியும். 403 (அனுமதி மறுப்பு) அல்லது 5-இல் தொடங்கும் (சர்வர் கோளாறு) பிழை எண்கள் ஏறியிருந்தால் சங்கதி அங்கேதான். யு.ஆர்.எல். இன்ஸ்பெக்‌ஷனில் ஒரு பக்கத்தைக் கொடுத்து லைவ் டெஸ்ட் ஓட்டினால் உறுதியாகிவிடும்.

கூகுளில் உங்கள் தளத்தின் பெயரில் ஜப்பானிய எழுத்துத் தலைப்புகள் வந்தால் தளம் ஹேக் ஆகியிருக்கிறது. அது தனி வேலை.

கோர் அப்டேட்னா என்னங்க? நமக்குத் தண்டனை கொடுத்துட்டாங்களா?

தண்டனை இல்லை. மொத்தத் தளங்களையும் எடைபோடும் தராசையே மாற்றுகிறார்கள். உங்கள் பக்கம் அதே பக்கம்தான். பக்கத்துக் கடைக்காரர் பக்கம் இப்போது கூடுதல் எடை காட்டுகிறது.

முன்பு பெயர் வைத்து வந்தன. 2011-இல் பாண்டா தரமற்ற உள்ளடக்கத்தைக் குறிவைத்தது, 2012-இல் பெங்குவின் விலைக்கு வாங்கிய லிங்க்குகளைக் குறிவைத்தது. 2022 ஆகஸ்டில் ஹெல்ப்ஃபுல் கன்டென்ட் அப்டேட் வந்தது. 2024 மார்ச்சில் அதைக் கோர் அப்டேட்டுக்குள்ளேயே கரைத்துவிட்டார்கள். அந்த மார்ச் அப்டேட் முழுதாகப் பரவ 45 நாள் ஆனது. இப்போது ஆண்டுக்குச் சில முறை கோர் அப்டேட் வருகிறது. இடையிடையே ஸ்பேம் அப்டேட்டும் வரும். அறிவிக்காத சின்ன மாற்றங்கள் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும்.

மேனுவல் ஆக்‌ஷன் வேறு. அது ஆள் பார்த்து வைக்கும் முத்திரை. சரிசெய்து மறுபரிசீலனை கேட்கலாம். கோர் அப்டேட்டுக்கு மனுக் கொடுக்க இடமே கிடையாது.

எந்தத் தேதியை எந்தத் தேதியோட ஒப்பிடணும்?

இங்கேதான் பாதிப் பேர் தப்பான கணக்குப் போடுகிறார்கள். அப்டேட் முடிந்து குறைந்தது ஒரு வாரம் பொறுக்கச் சொல்கிறது கூகுள். பரவிக்கொண்டிருக்கும் நாட்களை இரண்டு பக்கமும் சேர்க்கக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை நாள், ஒரே கிழமையில் தொடக்கம். ஏனென்றால் தொழில் சம்பந்தப்பட்ட தேடல் ஞாயிற்றுக்கிழமை படுத்துவிடும்.

2025 ஜூன் கோர் அப்டேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 30-இல் தொடங்கி ஜூலை 17-இல் முடிந்தது. சரியான ஒப்பீடு: ஒரு பக்கம் ஜூன் 2 திங்கள் முதல் ஜூன் 29 ஞாயிறு வரை 28 நாள், மறுபக்கம் ஜூலை 28 திங்கள் முதல் ஆகஸ்ட் 24 ஞாயிறு வரை 28 நாள். ஆகஸ்ட் 26-இல் ஒரு ஸ்பேம் அப்டேட் தொடங்கியதால் அதற்கு முன்பே கோடு போட்டு நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் இரண்டின் பாதிப்பும் கலந்துவிடும். பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில் தேதியைத் தட்டி கம்பேர், கஸ்டம் என்று போய் இந்த நான்கு தேதிகளைக் கொடுத்தால் போதும்.

அந்த அறிக்கை 16 மாதத் தரவைத்தான் வைத்திருக்கும். மாதம் முடிந்ததும் ஷீட்டில் இறக்கி வைக்கும் பழக்கம் இல்லையென்றால், இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடியைப் பற்றிக் கேட்டால் பதில் இருக்காது.

சீசன் போனதா, ரேங்க் போனதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மேலே சொன்ன அதே அப்டேட்டையே பாருங்கள். அது முடிந்தது ஜூலை 17. 2025-இல் ஆடி பிறந்ததும் ஜூலை 17. மண்டபம், கல்யாணப் பட்டு, கேட்டரிங், பத்திரிகை அச்சு என்று தளம் வைத்திருப்பவருக்கு அந்த வாரம் டிராஃபிக் விழாமல் இருந்தால்தான் அதிசயம். கூகுளைத் திட்டிவிட்டு முகப்புப் பக்கத்தை மாற்றி எழுதினால், ஆவணியில் தானாக ஏறும் வருகைக்கு அந்த மாற்றம்தான் காரணம் என்றும் நம்பிவிடுவார்கள். அடுத்த வருடமும் அதையே செய்வார்கள்.

தீபாவளி இன்னொரு வலை. 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. சென்னிமலைப் போர்வையோ திருப்பூர் பனியனோ சில்லறையாக விற்கும் தளம் அக்டோபர் கடைசி வாரத்தைப் போன வருடத்து அதே வாரத்தோடு ஒப்பிட்டால் பயங்கரச் சரிவு தெரியும். பண்டிகைக்கு முந்தைய மூன்று வாரத்தை, போன பண்டிகைக்கு முந்தைய மூன்று வாரத்தோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். ஈரோட்டு மஞ்சள் வியாபாரத் தளத்துக்குப் புது மஞ்சள் வரத்துதான் காலண்டர்.

சந்தேகமாக இருந்தால் கூகுள் ட்ரெண்ட்ஸில் அந்தச் சொல்லைப் போட்டு, தமிழ்நாடு என்று சுருக்கி, ஐந்து வருடத்துக்குப் பாருங்கள். ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில் பள்ளம் விழுந்தால் அது சீசன்.

கிளிக், இம்ப்ரெஷன், பொசிஷன்னு மூணு எண்ணு இருக்குதே, எதை நம்புறது?

கிளிக் என்பது தட்டி உள்ளே வந்த எண்ணிக்கை, இம்ப்ரெஷன் தேடல் முடிவில் நீங்கள் தெரிந்த எண்ணிக்கை, பொசிஷன் அந்த முடிவில் உங்கள் சராசரி இடம். மூன்றையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

பொசிஷனும் இம்ப்ரெஷனும் சேர்ந்து விழுந்திருந்தால் ரேங்க் போயிருக்கிறது. அப்டேட்டின் கை இருக்கலாம். பொசிஷன் அப்படியே இருந்து இம்ப்ரெஷன் மட்டும் குறைந்தால் தேடுகிறவர்களே குறைந்திருக்கிறார்கள், அதாவது சீசன். இரண்டும் அப்படியே இருந்து கிளிக் மட்டும் விழுந்தால், உங்களுக்கு மேலே ஏதோ வந்து உட்கார்ந்திருக்கிறது. விளம்பரம், ஷாப்பிங் கட்டம், அல்லது ஏஐ ஓவர்வியூ (முடிவுகளுக்கு மேலே கூகுளே ஏஐ வைத்து எழுதிக் காட்டும் சுருக்கம்). இந்தியாவுக்கு 2024 ஆகஸ்டில் வந்த ஏஐ ஓவர்வியூவின் கணக்கைச் சர்ச் கன்சோல் தனியாகப் பிரித்துக் காட்டுவதில்லை, மற்ற தேடலோடு சேர்த்துவிடுகிறது. எனவே முக்கியமான பத்துத் தேடல்களை நீங்களே மொபைலில் இன்காக்னிட்டோவில் தட்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

நான்காவதாக ஒரு வேடிக்கை. 2025 செப்டம்பர் நடுவில் இம்ப்ரெஷன் சரிந்து, சராசரி பொசிஷன் திடீரென்று நன்றாகி, கிளிக் மாறாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். ஒரே பக்கத்தில் 100 முடிவுகளைக் கேட்டு வாங்கும் வழியைக் கூகுள் அப்போது நிறுத்தியது. ரேங்க் பார்க்கும் மென்பொருட்கள் அந்த வழியில்தான் ஐந்தாம் பக்கம், எட்டாம் பக்கம் வரை துழாவிக்கொண்டிருந்தன. அந்தப் போலி இம்ப்ரெஷன்கள் கழிந்துவிட்டன.

சரிங்க, அப்டேட்டுதான்னு உறுதியாயிருச்சு. முதல் வாரம் என்ன பண்றது?

கையைக் கட்டிக்கொண்டு அளக்க வேண்டும். தறியில் நாலு இழை அறுந்தால் எந்த இழை என்று பார்த்து முடிச்சுப் போடுவோமே தவிர, பாவு நூல் மொத்தத்தையும் வெட்டிப் போடுவதில்லை. முதல் வாரப் பதற்றத்தில் செய்யும் காரியங்கள்தான் பல தளங்களை நிரந்தரமாகக் கெடுக்கின்றன: தீம் மாற்றுவது, யு.ஆர்.எல். அமைப்பை மாற்றுவது, பழைய கட்டுரைகளைக் கொத்தாக அழிப்பது, எல்லாப் பக்கத்துத் தேதியையும் இன்றைய தேதியாக்குவது. ரிமூவல்ஸ் கருவியையும் தொடாதீர்கள். அது நீங்கள் கொடுத்த பக்கத்தைச் சுமார் ஆறு மாதத்துக்குத் தேடலிலிருந்து மறைத்துவிடும்.

செய்ய வேண்டியது ஒரு ஷீட். ஒப்பீட்டைப் போட்டு, பேஜஸ் தாவலில் கிளிக் வித்தியாசத்தின்படி அடுக்கி, ஏற்றுமதி செய்யுங்கள். திரையில் அதிகபட்சம் 1,000 வரிதான் வரும். சின்னத் தளத்துக்கு அது தாராளம். நம் கிரைண்டர் கடையில் 180 பக்கம், இழப்பு மாதம் 4,000 கிளிக் என்று வைத்துக்கொள்வோம். அடுக்கிப் பார்த்தால் 11 பக்கத்திலேயே 3,100 போயிருக்கும். வேலை அந்த 11-இல். மீதி 169 பக்கத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

பிறகு அந்த 11-இல் ஒவ்வொன்றையும் தட்டி, குவெரீஸ் தாவலுக்குப் போய், எந்தத் தேடலில் இடம் போனது என்று எழுதுங்கள். ஒவ்வொரு தேடலிலும் இப்போது உங்களுக்கு மேலே நிற்கும் மூன்று பக்கங்களைத் திறந்து முழுதாகப் படியுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் கூகுளுக்கு இப்போது எது பிடிக்கிறது என்பதற்கு அதைவிட நேரடியான பதில் எங்கும் கிடைக்காது.

இரண்டாம் இடத்துல இருந்து நாலுக்கு வந்திருக்குது. எல்லாத்தையும் மாத்தி எழுதணுமா?

வேண்டாம். கூகுள் தன் வழிகாட்டலில் சொல்லும் உதாரணமே இதுதான்: 2-இலிருந்து 4-க்கு வந்தால் அது சிறு சரிவு, நன்றாக ஓடும் பக்கத்தைப் போட்டுக் கிண்டாதீர்கள். 4-இலிருந்து 29-க்குப் போனால் பெரிய சரிவு. பக்கத்தை மட்டுமல்ல, தளம் முழுவதையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

பக்கத்தைத் திருத்தணும்னா, அப்படி என்னதான் திருத்துறது?

ஒன்றை எடுத்துக் காட்டிவிடுவோம். கடையின் "கிரைண்டர் பெல்ட்" பக்கம் விழுந்திருக்கிறது. அதில் இருப்பது இப்படி: "கிரைண்டர் என்பது தென்னிந்திய சமையலறையின் இன்றியமையாத சாதனம். எங்களிடம் உயர்தர பெல்ட்கள் நியாயமான விலையில் கிடைக்கும்." கீழே மூன்று படம், ஒரு போன் நம்பர். நாட்டில் எந்தக் கடையும் இதே வரியை எழுதலாம், எழுதியும் இருக்கிறது.

அந்தப் பக்கத்துக்கு வருகிறவர் மாவு பாதியில் நிற்க, கையைத் துடைத்துக்கொண்டு போனைத் தட்டுகிறவர். அவருக்குத் தெரிய வேண்டியது வேறு. மோட்டார் ஓடுகிறது, பாரம் ஏறினால் டிரம் நிற்கிறது என்றால் பெல்ட் தொய்ந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. மோட்டார் உறுமுகிறது, சுற்றவேயில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உருளைக் கல்லைத் தூக்கி, டிரம்மைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். லேசாகச் சுற்றினால் கெப்பாசிட்டரைச் சந்தேகிக்கலாம், பெல்ட்டை வாங்கிப் பயனில்லை. ஊறவைத்த அதே உளுந்துக்கு நேரம் கூடுகிறது, மாவு சூடாகிறது என்றால் கல் வழவழப்பாகிவிட்டது, கொத்த வேண்டும். பெல்ட்டின் முதுகில் எண் அச்சாகியிருக்கும், அதைப் பார்த்துக் கேளுங்கள். எண் அழிந்திருந்தால் நூல் விட்டு அளக்கலாம், ஆனால் பழைய பெல்ட் நீண்டிருக்கும். அளந்த நீளத்தையே வாங்கினால் புதிதும் தொய்வாக நிற்கும். மாடல் தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வது நல்லது.

இந்த விவரம் கடையில் நிற்கும் மெக்கானிக்குக்குத் தினமும் இருபது தடவை வாயில் வருவது. எஸ்.இ.ஓ. (தேடலில் மேலே வரவைக்கும் வேலை) எழுதிக் கொடுப்பவருக்குத் தெரியாது, ஏஐ கருவி பொத்தாம்பொதுவாகத்தான் சொல்லும். மெக்கானிக் வாடிக்கையாளரிடம் பேசுவதை அரை மணி நேரம் போனில் பதிவு செய்து, அதிலிருந்து எழுதுங்கள். கழற்றிய பெல்ட்டுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த போட்டோ, கடையின் சொந்தப் போட்டோ, ஒன்று போதும். கம்பெனி கேட்லாக் படம் நூறு தளத்தில் இருக்கிறது. யார் சொன்னது, எத்தனை வருடமாக இந்த வேலையில் இருக்கிறார் என்பதையும் பக்கத்தில் போடுங்கள். கூகுள் தன் தர மதிப்பீட்டாளர்களுக்குக் கொடுக்கும் கையேட்டில் 2022 டிசம்பரில் "அனுபவம்" என்பதைத் தனியாகச் சேர்த்தது இந்த மாதிரி விஷயத்துக்காகத்தான்.

ஊருக்கு ஒரு பக்கம் போட்டு வச்சிருக்கோமுங்க. அது தப்பா?

கோவையில் கிரைண்டர் சர்வீஸ், திருப்பூரில் கிரைண்டர் சர்வீஸ், அவிநாசியில், பல்லடத்தில், பெருந்துறையில், கோபியில்... ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி 40 பக்கம். இதற்குக் கூகுளின் ஸ்பேம் விதிகளில் டோர்வே பக்கம் என்று பெயர். சில வருடம் வேலை செய்தது உண்மை. அதனால்தான் எல்லோரும் போட்டார்கள்.

கிளை இருக்கும் ஊருக்கு மட்டும் தனிப் பக்கம் வையுங்கள்: அந்தக் கடையின் முகவரி, எந்தப் பஸ் ஸ்டாப்பில் இறங்குவது, அங்கே எந்த பிராண்டுக்குச் சாமான் இருப்பு இருக்கிறது. மற்றதெல்லாம் ஒரே சர்வீஸ் பக்கத்துக்குள் வரட்டும்: எந்தக் கிழமை எந்த ரூட்டில் ஆள் போகிறார், எத்தனை கிலோமீட்டர் வரை போக்குவரத்துச் செலவு இல்லை, அதற்கு மேல் எவ்வளவு. பழைய முகவரிகளிலிருந்து இதற்கு 301 ரீடைரக்ட் (நிரந்தரமாக வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவது) போடுங்கள். அதைக் குறைந்தது ஒரு வருடம் எடுக்காதீர்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் சோம்பேறி வேலை உதவாது. சம்பந்தமில்லாத ரீடைரக்டைக் கூகுள் பக்கம் இல்லாததாகவே எடுத்துக்கொள்ளும்.

ஏஐ வச்சு 300 கட்டுரை போட்டோம். அதனாலதான் விழுந்துச்சா?

ஏஐ எழுதியது என்பதற்காக மட்டும் கூகுள் தள்ளுவதில்லை. தேடலில் இடம் பிடிக்க மட்டும், யாருக்கும் உபயோகமில்லாமல், கொத்துக் கொத்தாகப் போடுவதைத்தான் 2024 மார்ச்சில் ஸ்பேம் என்று விதியாக்கினார்கள். மனிதர் எழுதினாலும் இதே விதி.

ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுத் தமிழாக்கி ஏற்றுவதும் இதே வகை. வெட் கிரைண்டரை "ஈரமான அரைப்பான்" என்று ஒரு தளம் எழுதியிருந்தால் அதைப் படித்துச் சரிபார்க்க ஆள் இல்லை என்பது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

பழைய கட்டுரையை எல்லாம் அழிச்சுடலாமுங்களா?

அழிப்பது கடைசி வழி. 16 மாதத்தில் ஒரு கிளிக்கும் வாங்காத, வெளியிலிருந்து யாரும் லிங்க் கொடுக்காத, வாடிக்கையாளருக்கு நீங்களே அனுப்பத் தயங்கும் பக்கம் என்றால் அழிக்கலாம். 404 அல்லது 410 (பக்கம் இல்லை என்ற பதில்) கொடுத்தால் போதும். ஒரே விஷயத்தை ஐந்து பக்கத்தில் எழுதியிருந்தால் நல்லதை ஒன்றாகச் சேர்த்து, மற்ற நான்கையும் அதற்கு 301 போடுங்கள்.

நோஇன்டெக்ஸ் (தேடலில் காட்டாதே என்ற குறிப்பு) போடுவது என்றால் ஒரு எச்சரிக்கை. அதே பக்கத்தை ரோபாட்ஸ் கோப்பிலும் மறித்துவிட்டால் கூகுள் உள்ளே வந்து அந்தக் குறிப்பைப் படிக்கவே முடியாது. மறிப்பை எடுத்தால்தான் நோஇன்டெக்ஸ் வேலை செய்யும்.

யாரோ நம்ம தளத்துக்குக் கண்டபடி லிங்க் கொடுத்திருக்காங்க. டிஸ்அவோ பண்ணணுமா?

டிஸ்அவோ என்பது இந்த லிங்க்கைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடம் சொல்லும் கருவி. பெரும்பாலும் வேண்டாம். 2016-க்குப் பிறகு பெங்குவின் அத்தகைய லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காமல் விடுகிறதே தவிர, அவற்றுக்காகத் தளத்தைத் தள்ளுவதில்லை. நீங்களே காசு கொடுத்து வாங்கிய லிங்க் இருந்து, மேனுவல் ஆக்‌ஷன் வந்திருந்தாலோ வரும் என்று தெரிந்தாலோ மட்டும் அந்தக் கருவி. தெரியாமல் நல்ல லிங்க்கை அதில் போட்டுவிட்டால் நீங்களே வேரை வெட்டியது மாதிரி.

தளம் மெதுவா இருக்குதுன்னு சொல்றாங்க. வேகம் கூட்டினா திரும்பி வந்துருமா?

வேகம் மட்டும் கூட்டி கோர் அப்டேட்டிலிருந்து எழுந்துவிட முடியாது. ஆனால் வந்தவர் ஓடிப்போகாமல் இருக்க அது வேண்டும். அளவு இது: பெரிய படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் (எல்.சி.பி.), தட்டினால் 200 மில்லி விநாடிக்குள் பதில் (ஐ.என்.பி.), பக்கம் குதிப்பது 0.1-க்குள் (சி.எல்.எஸ்.). 100 வருகையில் 75-க்காவது இது கிடைக்க வேண்டும். பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் மேலே வரும் நிஜ உபயோகிப்பாளர் தரவைப் பாருங்கள், கீழே வரும் நூற்றுக்கு இத்தனை என்ற மார்க்கை அல்ல. அந்தத் தரவு கடந்த 28 நாள் தொகுப்பு என்பதால், இன்று சரிசெய்தால் முழுதாகத் தெரிய ஒரு மாதம் ஆகும். நம் கடைத் தளங்களில் குற்றவாளி பெரும்பாலும் முகப்பில் ஓடும் ஸ்லைடரும், கேமராவிலிருந்து நேராக ஏற்றிய 5 எம்.பி. படங்களும்தான்.

தமிழ்ல வைக்கிறதா, இங்கிலீஷ்ல வைக்கிறதா?

உங்கள் குவெரீஸ் பட்டியலே சொல்லும். வீட்டுக்கு வாங்குகிறவர்கள் தமிழிலும், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியும் தேடுவார்கள். மொத்தமாக வாங்குகிறவர், ஏற்றுமதிக்காரர் ஆங்கிலத்தில் வருவார். இரண்டும் இருந்தால் இரண்டு தனி முகவரி வைத்து, மற்ற மொழிப் பக்கம் எது என்று கூகுளுக்குச் சொல்லும் ஹெச்ரெஃப்லாங் குறிப்பை இரண்டு பக்கத்திலும் போடுங்கள்; ஒரு பக்கம் மட்டும் காட்டினால் கூகுள் கண்டுகொள்ளாது.

கொங்குச் சொல்லை வெட்கப்படாமல் எழுதுங்கள். தேடுகிறவர் "கல் கொத்துறது" என்றுதான் தட்டுகிறார். பழைய தளத்தில் யூனிகோடு இல்லாத எழுத்துருவில் தமிழ் இருந்தால் கூகுளுக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. விலைப்பட்டியலை வாட்ஸ்அப் போஸ்டர் படமாக மட்டும் ஏற்றுவதும் அப்படித்தான். அதையே எழுத்தாக அட்டவணையில் போடுங்கள்.

கேள்வி–பதில் ஸ்கீமா போட்டா கூகுள்ல கீழே விரிஞ்சு காட்டுமாமே?

ஸ்கீமா என்பது பக்கத்தில் இருப்பது கேள்வி–பதில் என்று கூகுளுக்கு அடையாளம் காட்டும் கோடு. அப்படி விரித்துக் காட்டுவதை 2023 ஆகஸ்டோடு அரசு, மருத்துவம் சார்ந்த பெயர்பெற்ற தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். அதற்காகக் காசு கொடுத்து பிளகின் வாங்காதீர்கள். (இந்தப் பக்கம் கேள்வி–பதிலாக இருப்பது நீங்கள் படிப்பதற்காக மட்டும்.)

கூகுளுக்கு விளம்பரம் கொடுத்தா ரேங்க் ஏறுமா?

ஏறாது. வியாபாரம் நிற்காமல் இருக்க, விழுந்த 11 பக்கத்துச் சொற்களுக்கு மட்டும் சில மாதம் விளம்பரம் ஓட்டுவது தப்பில்லை.

எத்தனை நாள்ல பழையபடி ஆகும்?

சின்னத் திருத்தங்கள் சில நாளிலேயே தெரியலாம். தளம் மொத்தத்தையும் பற்றிய கூகுளின் எடை மாற மாதக்கணக்காகும். பல நேரம் அடுத்த கோர் அப்டேட் வரை காத்திருக்க வேண்டும். அப்போதும் உறுதி கிடையாது. 2023 செப்டம்பர் ஹெல்ப்ஃபுல் கன்டென்ட் அப்டேட்டில் விழுந்த தளங்களில் பல ஒரு வருடம் கழித்தும் எழவில்லை. 2024 ஆகஸ்ட் அப்டேட்டில் சில பாதி மீண்டன.

அதனால் வாரத்துக்கு இரண்டு பக்கம் என்று திருத்துங்கள். எந்தத் தேதியில் எந்தப் பக்கத்தில் எதை மாற்றினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால், ஏறினாலும் இறங்கினாலும் எதனால் என்று தெரியாது. திருத்திய பக்கத்துக்கு யு.ஆர்.எல். இன்ஸ்பெக்‌ஷனில் ஒரு முறை இன்டெக்ஸிங் கேட்டால் போதும், தினமும் அழுத்துவதால் வரிசையில் முன்னே போக மாட்டீர்கள்.

பத்தே நாள்ல முதல் பக்கத்துக்குக் கொண்டு வர்றோம்னு ஒருத்தர் கேக்கறார். கொடுக்கலாமுங்களா?

நாள் சொல்லி உறுதி கொடுக்கிறவரிடம் வேண்டாம். வேறு யாரிடம் கொடுத்தாலும் முதலில் மூன்று கேள்வி: எந்தப் பக்கங்கள் விழுந்தன, எந்தத் தேதிகளை ஒப்பிட்டீர்கள், முதல் மாதம் எந்தப் பக்கங்களில் என்ன மாற்றுவீர்கள். பதிலில் லிங்க் எண்ணிக்கை மட்டும் வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சர்ச் கன்சோலில் அவருக்கு ஃபுல் அனுமதி போதும், ஓனர் வேண்டாம். ஃபுல் இருப்பவர் வேறு யாரையும் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. முன்பு வேலை பார்த்தவர் ஓனராக இருக்கிறாரா என்பதையும் செட்டிங்ஸில் பாருங்கள். அவர் பெயரை நீக்கினால் மட்டும் போதாது. அவர் உறுதிப்படுத்த வைத்த கோப்பு சர்வரிலோ, வரி டி.என்.எஸ்.ஸிலோ (டொமைனின் அமைப்புப் பட்டியலிலோ) கிடந்தால் மறுபடி உள்ளே வந்துவிடலாம். அதையும் தேடி எடுத்துவிட்டு, டொமைனை உங்கள் சொந்த ஜிமெயிலில் டி.என்.எஸ். வழியாக உறுதிப்படுத்தி வையுங்கள்.